தட்டுகளுக்குப் பின்னால் ஜூடி

என் மாமியாருக்கு ஆங்கிலம் தெரியாது. பழைய ஹாலிவுட் பாடகி, நடிகை ஜூடி கார்லண்ட் என்றால் யார் என்று கேட்பார். ஆனால் கிராம சுகாதார செவிலியராக 27 வருடம் வேலை பார்த்தவர். ஊரில் இன்றைக்கும் ‘நர்சம்மா’தான். அப்போது எனக்கு ஏழாம் மாதம். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டதால், இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு லேப்டாப்பில் பழைய படம் பார்ப்பதே முழுநேர வேலையாகிவிட்டது. ஒரு மத்தியானம் அத்தை மாதுளை உரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். திரையில் ஒரு பெண் பாத்திரம் தேய்த்தபடி பாடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் தட்டுகள், தட்டுகள், கோபுரம் கோபுரமாகத் தட்டுகள்.

“இந்தப் பொண்ணு முழுகாம இருக்கா” என்றார்.

“யாரு?”

“இவதான், பாடுறாளே. அஞ்சு மாசம் இருக்கும்.”

“வயிறே தெரியலையே அத்தை, எப்படிச் சொல்றீங்க?”

“தெரியக் கூடாதுன்னுதானே இத்தனை தட்டை அடுக்கியிருக்கான். பாத்திரம் கழுவுறவ கழுவினதைப் பக்கத்துல கவுப்பாளா, இப்படி நெஞ்சுக்கு நேரா மதில் கட்டுவாளா? கன்னத்தைப் பாரு. நிக்கிற நிலையைப் பாரு.”

நான் சிரித்தேன். அப்புறம் தேடிப் பார்த்தேன். ஜூடி கார்லண்ட் அந்தக் காட்சிகளில் நடித்தது 1945 இலையுதிர் காலத்தில். அவருடைய மகள் லைசா மின்னெல்லி பிறந்தது 1946 மார்ச் 12. கணக்குப் போட்டால் நாலோ ஐந்தோ மாதம். நர்சம்மா சொன்னது சரி.

எனக்கு இதில் சொந்த விவகாரம் ஒன்றும் உண்டு. கர்ப்பம் தெரிகிற வரைக்கும் நான் ஒரு சின்னத் தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தேன். ஐந்தாம் மாதத்தில் ஒருநாள் உதவி இயக்குநர் தம்பி வந்து, “அக்கா, அந்தக் காய்கறிக் கூடையைக் கொஞ்சம் முன்னாடி வச்சுக்கலாமா?” என்றான். அடுத்த வாரம் கூடையோடு எவர்சில்வர் டப்பாக்கள் வந்தன. அதற்கடுத்த வாரம் வாழைத்தார். ரசம் வைக்கிற நிகழ்ச்சிக்கு எதற்கு வாழைத்தார் என்று யாரும் கேட்கவில்லை, நான் உட்பட. ஆறாம் மாதம் வேறொரு பெண் வந்துவிட்டாள். கூடையும் டப்பாவும் போய் மேடை சுத்தமாகிவிட்டது. ஆக, ஜூடியின் தட்டுகளை நான் அத்தைக்கு முன்பே கண்டுபிடித்திருக்க வேண்டும்.

படத்தின் பெயர் ‘டில் தி கிளவுட்ஸ் ரோல் பை’. மேகம் விலகும் வரை என்று வைத்துக்கொள்ளலாம். எம்ஜிஎம் நிறுவனம் 1946 டிசம்பரில் வெளியிட்டது. ஜெரோம் கெர்ன் என்ற அமெரிக்க இசையமைப்பாளரின் வாழ்க்கைக் கதை. இரண்டேகால் மணி நேரம், முழுக்க டெக்னிகலர். தயாரித்தவர் ஆர்தர் ஃப்ரீட். இயக்குநர் என்று பெயர் போடுவது ரிச்சர்ட் வோர்ஃபுக்கு. ஜூடி வரும் பகுதிகளை மட்டும் அவருடைய கணவர் வின்சென்ட் மின்னெல்லி எடுத்தார். அந்தக் காலத்துச் சட்டப்படி 28 வருடம் கழித்துக் காப்புரிமையைப் புதுப்பிக்க வேண்டும். எம்ஜிஎம் புதுப்பிக்காமல் விட்டுவிட்டது. அதனால் படம் பொதுச்சொத்தாகி, யார் வேண்டுமானாலும் போடலாம் என்று ஆயிற்று. நிறம் வெளிறிப்போய், ஓரத்தில் கீறல் விழுந்த பிரதிகள் யூடியூபில் வரிசையாகக் கிடக்கின்றன. சிவப்பெல்லாம் ஆரஞ்சாகிவிட்ட ஒரு பிரதியில்தான் நான் பார்த்தேன்.

கெர்ன் வரைக்கும் நான் வந்து சேர்ந்ததே சுற்றுவழியில். அப்பாவிடம் அசாமியப் பாடகர் பூபேன் ஹசாரிகாவின் ஒலிநாடா ஒன்று இருந்தது. அதில் கங்கையைப் பார்த்து, இத்தனை அநியாயத்தையும் பார்த்துக்கொண்டு ஏன் சும்மா ஓடுகிறாய் என்று கேட்கும் இந்திப் பாட்டு. அசாமிய மொழியில் அவர் முதலில் பாடியது அது. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தபோது ஹசாரிகா கறுப்பினப் பாடகர் பால் ராப்சனைச் சந்தித்தார். ராப்சன் பாடிய ‘ஓல் மேன் ரிவர்’, அதாவது ‘கிழட்டு ஆறு’தான் பிரம்மபுத்திராவாகி, கங்கையாகி, எங்கள் வீட்டு டேப்ரெக்கார்டர் வரை வந்தது. அந்தக் கிழட்டு ஆற்றுக்கு மெட்டுப் போட்டவர் கெர்ன் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். கறுப்பினத் தொழிலாளிகள் பாடிக்கொண்டிருந்த நாட்டுப்பாட்டு என்றே நினைத்திருந்தேன். நிஜத்தில் நியூயார்க்கில் பிறந்து, கோட்டும் கண்ணாடியுமாய் பியானோ முன் உட்கார்ந்து எழுதிய ஒரு யூத மனிதர். வரிகள் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன். பாட்டின் முதல் பகுதியைப் பாடிப் பாருங்கள், சரியாக ஐந்து ஸ்வரம். சின்ன வயதில் நாலு வருடம் பாட்டு கற்றுக்கொண்ட என் காதுக்கு அது மோகனம். நடுவில் கொஞ்சம் வெளியே போய்விட்டு மறுபடி வந்து சேருகிறது. மந்திர ஸ்தாயியில் பஞ்சமத்தில் தொடங்கி, கடைசியில் தார ஸ்தாயிக் காந்தாரம் வரை ஏறும். அதனால்தான் சும்மா குளியலறையில் பாடுகிறவர்கள் முடிவில் மாட்டிக்கொள்கிறார்கள்.

சரி, படத்துக்கு வருவோம். கதை சுமார்தான். சுமார் என்பதே தாராளம்.

படம் 1927 டிசம்பர் 27 இரவில் தொடங்குகிறது. நியூயார்க் ஸீக்ஃபெல்ட் அரங்கில், ‘ஓல் மேன் ரிவர்’ பாட்டு வரும் ‘ஷோ போட்’ இசை நாடகத்தின் முதல் காட்சி. ஏறக்குறைய கால் மணி நேரம் அந்த நாடகத்தின் பாட்டுகளாகவே போகிறது; இந்தப் படத்தில் உருப்படியான கால் மணி நேரம் அதுதான். பிறகு கெர்ன் டாக்சியில் ஏறி ஒரு பழைய வீட்டு வாசலில் இறங்கிப் பின்னோக்கி நினைத்துப் பார்க்கிறார். அங்கேதான் ஹெஸ்லர் வருகிறார். கெர்னுக்குக் குருவாக, நண்பனாக, அவர் மெட்டுகளுக்கு வாத்திய அமைப்பு செய்கிறவராக வரும் பெரியவர். நடித்தவர் வான் ஹெஃப்லின். ஹெஸ்லருக்கு ஒரு மகள், சாலி. மேடையேறி நட்சத்திரமாக வேண்டும் என்பது அவள் கனவு. அவளுக்குக் கொடுப்பதாகச் சொன்ன பாட்டு பெரிய நட்சத்திரத்துக்குப் போய்விட, கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டு ஓடுகிறாள். கெர்ன் தேடிக்கொண்டு போய், கடைசியில் மெம்பிஸ் நகரத்து இரவு விடுதியில் கண்டுபிடிக்கிறார். அந்த ஊரில் மிசிசிப்பி ஓடுகிறது. ஆற்றைப் பார்க்கிறார். ‘ஷோ போட்’ பிறக்கிறது.

ஹெஸ்லர் என்று ஒருவர் கிடையாது. சாலியும் கிடையாது. கெர்னின் மெட்டுகளுக்கு வாத்திய அமைப்பு செய்தவர்கள் நிஜத்தில் ஃபிராங்க் சாட்லரும், பிறகு ராபர்ட் ரஸ்ஸல் பென்னட்டும். ‘ஷோ போட்’ ஆற்றைப் பார்த்தும் பிறக்கவில்லை. எட்னா ஃபெர்பர் 1926இல் எழுதிய நாவலைப் படித்துவிட்டு, இதை நாடகமாக்கியே தீருவேன் என்று ஆள் பிடித்து அவரைச் சந்தித்து உரிமை வாங்கினார் கெர்ன். ஒரு நல்ல நாவலைப் படித்தவுடன் தூக்கம் போய்விடுகிற மனிதர் என்றால் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆற்றங்கரையில் உட்கார்ந்து பெருமூச்சு விடுகிறவரைவிட நூறு மடங்கு பிடிக்கும்.

இதில் வேடிக்கை, இந்தப் பொய்க்கதையை எழுதியவர் கை போல்ட்டன். கெர்னோடு சேர்ந்து அத்தனை நாடகங்கள் செய்த ஆள். நியூயார்க்கில் பிரின்சஸ் அரங்கம் என்று 299 இருக்கைகளே உள்ள ஒரு குட்டி அரங்கம் இருந்தது. முதல் உலகப்போர் ஆண்டுகளில் கெர்ன், போல்ட்டன், கூடவே நம்மவர்கள் பலருக்கும் நகைச்சுவை நாவல்கள் வழியாகப் பழக்கமான பி. ஜி. வோட்ஹவுஸ் மூவரும் அங்கே சின்னச் சின்ன இசை நாடகங்கள் போட்டார்கள். அதுவரை இசை நாடகம் என்றால் ஐம்பது பெண்கள், அரண்மனை, இறகு என்று இருந்ததை, பக்கத்து வீட்டில் நடக்கிற கதையாக மாற்றியது அந்தக் கூட்டணி. இந்தப் படத்தின் பெயரே 1917இல் அங்கே போட்ட ஒரு நாடகத்தில் வோட்ஹவுஸ் வரி எழுதிய பாட்டுதான். கெர்னை நேரில் அறிந்தவர் எழுதிய கதையில், கெர்னுக்கு அறிமுகமே இல்லாத ஆட்கள் சுற்றிச்சுற்றி வருகிறார்கள்.

ஏன் இப்படி? கெர்ன் வாழ்க்கையில் சினிமாவுக்கு ஏற்ற சங்கடம் எதுவும் இல்லை என்று சொல்வார்கள். பட்டினி கிடக்கவில்லை. குடிக்கவில்லை. 1910இல் இங்கிலாந்தில் ஈவா என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு கடைசிவரை அவரோடுதான் வாழ்ந்தார். அப்பா வியாபாரி, இரண்டு பியானோ வாங்கிவரச் சொல்லி அனுப்பிய இடத்தில் பையன் 200 பியானோவுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு வந்தான், இவன் வியாபாரத்துக்கு லாயக்கில்லை என்று அப்பா பாட்டு படிக்க விட்டுவிட்டார் என்று ஒரு கதை உண்டு. வாழ்க்கை முழுக்கத் தோண்டினாலும் அப்பா-பிள்ளைச் சண்டைகூடச் சிரிப்பாகத்தான் கிடைக்கிறது.

அந்த ஆண்டுகளில் பாட்டு எழுதி இசையமைத்தவர்களைப் பற்றி இப்படிப் படம் எடுப்பது ஒரு தொழிலாகவே நடந்தது. 1942இல் ஜார்ஜ் கோஹன், 1945இல் கெர்ஷ்வின், 1946இல் கோல் போர்ட்டர். கெர்ஷ்வினுக்கு இல்லாத காதலிகளைக் கொடுத்தார்கள். போர்ட்டர் ஆண்களை விரும்பியவர். படத்தில் அந்தப் பேச்சே இல்லை. நோக்கம் ஒன்றுதான்: ஊரே முணுமுணுக்கும் இருபது பாட்டுகள் கையில் இருக்கின்றன, அவற்றைக் கோக்க ஒரு நார் வேண்டும். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். இங்கே நாருக்கு அந்த அதிர்ஷ்டம் அடிக்கவில்லை. ராபர்ட் வாக்கர் கெர்னாக நடித்திருக்கிறார். பாவம், தலைமுடியில் நரை ஏறுவது தவிர அவருக்கு நடிக்க எதுவும் கொடுக்கவில்லை. பியானோ முன் உட்கார்ந்து யாராவது பாடுவதைக் கேட்டுக்கொண்டே புன்னகைக்கிறார். எழுந்து போகிறார். மறுபடி வந்து உட்கார்கிறார்.

ஆனால் எனக்குக் கோபம் அதில்லை. வாழ்க்கையில் எதுவுமே நடக்கவில்லை என்று கைவிரித்தார்களே, நடந்தவற்றில் பாதியைக் கண்ணிலேயே காட்டவில்லை. லூசிடானியா கப்பல் கதையை மட்டும் விடவில்லை. 1915 மே 1ஆம் தேதி நியூயார்க்கிலிருந்து கிளம்பிய கப்பல். சார்லஸ் ஃப்ரோமன் என்ற பெரிய நாடகத் தயாரிப்பாளரோடு கெர்னும் போவதாக இருந்து, தூங்கிப்போய்த் தவறவிட்டார் என்பது கதை. ஆறு நாள் கழித்து அயர்லாந்துக் கரையோரம் ஜெர்மானிய நீர்மூழ்கி அதைத் தாக்கியது. ஏறக்குறைய 1,200 பேர் செத்தார்கள், ஃப்ரோமனும் ஒருவர். சரி, அது யார் கண்ணுக்கும் படுகிற கதை.

விட்டது எது தெரியுமா? புத்தகங்கள். கெர்ன் பைத்தியம் பிடித்த புத்தக சேகரிப்பாளர். முதல் பதிப்புகள், கையெழுத்துப் பிரதிகள், கவிஞர் ஷெல்லி தன் கையால் குறிப்பெழுதி வைத்திருந்த சொந்தப் புத்தகம் என்று வீடு நிறையச் சேர்த்தார். திடீரென்று 1929 ஜனவரியில் எல்லாவற்றையும் நியூயார்க் ஆண்டர்சன் கேலரியில் ஏலம் விட்டார். அந்த ஷெல்லி புத்தகம் ஒன்றே 68,000 டாலருக்குப் போயிற்று. மொத்த ஏலத்தொகை 17 லட்சம் டாலரைத் தாண்டியது. அதே வருடம் அக்டோபரில் பங்குச்சந்தை விழுந்தது. விற்ற நேரத்தைப் பார்த்தால் மனிதர் தீர்க்கதரிசி என்று தோன்றும். கையில் வந்த பணத்தில் பெரும்பகுதியைச் சந்தையில்தான் போட்டிருந்தார் என்றும் சொல்வார்கள். ஒரு மனிதன் தன் அலமாரிகள் ஒவ்வொன்றாகக் காலியாவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்பதைவிடவா சாலி ஓடிப்போனது பெரிய காட்சி? என் புத்தகங்களை எடைக்குப் போட்ட அன்றைக்கு நான் இரண்டு வேளை சாப்பிடவில்லை. எனக்குக் கிடைத்தது 1,140 ரூபாய்.

அவருடைய இசை எப்படிப்பட்டது என்பதையும் படம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசிப் பாட்டுக்கோவையில் டோனி மார்ட்டின் ‘ஆல் தி திங்ஸ் யூ ஆர்’ பாடுகிறார். அழகாகத்தான் பாடுகிறார், அரை நிமிடம் கவனம் பிசகினால் போய்விடும். 1939இல் ஒரு நாடகத்துக்காகப் போட்டது. அந்த நாடகம் 59 தடவையோடு படுத்துவிட்டது. பாட்டு மட்டும் இன்றுவரை உலகத்தில் எந்த ஜாஸ் விடுதிக்குப் போனாலும் யாரோ வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். காரணம் அதன் நடுப்பகுதி முடிகிற இடம். நம் வழியில் சொன்னால் இப்படி: பாடகர் ஒரு ஸ்வரத்தை அந்தர காந்தாரமாக நீட்டிப் பிடிக்கிறார். அதே சுருதி மாறாமல் காற்றில் நிற்க, கீழே ஷட்ஜமம் நகர்ந்துவிடுகிறது. மறுபடி முதல் வரி தொடங்கும்போது அதே சுருதி சாதாரண காந்தாரமாகியிருக்கிறது. நிற்கிறவர் நின்ற இடத்திலேயே நிற்க, யாரோ வீட்டைத் திருப்பி வைத்த மாதிரி. கிரக பேதம் செய்யும் வித்வானைப் பார்த்துச் சபையில் ‘பலே’ என்பார்களே, அந்த வேலை. கெர்ன் அதைக் காதல் பாட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்துவிட்டார்.

ஒளித்து வைப்பது என்று வந்துவிட்டால் லீனா ஹார்னைச் சொல்லாமல் முடியாது.

முதல் கால் மணி நேரத்தில், ‘ஷோ போட்’ பகுதியில், அவர் வந்து ஒரு பாட்டுப் பாடுகிறார். அத்தை மாதுளைக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தது அந்தப் பாட்டுக்கு மட்டும்தான். “இவ யாரு? கண்ணை எடுக்க முடியலையே” என்றார். பிறகு கதை ஹெஸ்லர், சாலி என்று இழுத்துக்கொண்டே போக, “அந்தப் பொண்ணு மறுபடி வருவாளா?” என்று இரண்டு முறை கேட்டார். வருவார், கடைசியில். ‘வொய் வாஸ் ஐ பார்ன்’ என்று இன்னொரு பாட்டுப் பாடிவிட்டுப் போய்விடுவார். நான் ஏன் பிறந்தேன் என்று அர்த்தம். கதையில் அவருக்கு வேலை கிடையாது.

அது தற்செயல் இல்லை. லீனா ஹார்ன் கறுப்பினப் பாடகி. எம்ஜிஎம் அவரோடு நீண்டகால ஒப்பந்தம் போட்டிருந்தது. ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு அன்றைக்கு அது பெரிய விஷயம். ஆனால் பல படங்களில் அவர் பாட்டைத் தனியாக, கதையோடு ஒட்டாமல் எடுத்தார்கள். தென்மாநிலங்களில் திரையரங்குக்காரர்களும் தணிக்கைக்காரர்களும் அதை வெட்டினால் கதை அறுந்துவிடக் கூடாதல்லவா? துணியில் தைக்காமல் ஊக்குக் குத்தி வைத்த மாதிரி. கழற்றினால் தடம்கூடத் தெரியாது.

மெம்பிஸ் நகரத்துத் தணிக்கைக் குழுவுக்கு அப்போது தலைவர் லாய்ட் பின்ஃபோர்ட். கறுப்பின நடிகர்கள் வெள்ளையரோடு சரிசமமாக வந்தால் கத்தரிக்கோலைத் தூக்குவதற்குப் பேர் போனவர். 1945இல் ஒரு நகைச்சுவைப் படத்தில் கறுப்பின நடிகருக்கு அளவுக்கு மேல் இடம் கொடுத்துவிட்டார்கள் என்று படத்தையே தடை செய்தார். இந்தப் படத்தில் கெர்ன் ஆற்றைப் பார்த்து மனம் உருகி, கறுப்பினத் தொழிலாளியின் துயரத்தை இசையாக்கும் ஊர் எது? அதே மெம்பிஸ். எழுதியவர்கள் யோசித்துச் செய்தார்களா, தெரியாமல் வந்து விழுந்ததா? தெரியாமல்தான் இருக்கும்.

லீனா பாடியது ஜூலி என்ற பாத்திரத்தின் பாட்டு. ஜூலியின் கதை இதைவிடக் கசப்பு. அவள் படகில் நாடகம் போடும் குழுவின் நட்சத்திரம். உடம்பில் ஓடுவதில் ஒரு பங்கு கறுப்பின ரத்தம், வெளியே வெள்ளைக்காரியாக நடமாடுகிறாள். கணவன் வெள்ளையன். யாரோ காட்டிக்கொடுத்துவிட, இந்தக் கல்யாணமே சட்டப்படி குற்றம் என்று ஷெரீஃப் வந்து நிற்கிறார். இருவரும் படகைவிட்டுப் போக வேண்டியதாகிறது. 1927 மேடையில் அந்த வேடத்தைப் போட்டவர் வெள்ளையர். இந்தப் படத்தின் சில நிமிடங்களில்தான் ஜூலியாக லீனா ஹார்ன் நிற்கிறார். 1951இல் எம்ஜிஎம் ‘ஷோ போட்’டை முழுப் படமாக எடுத்தபோது வேடம் வெள்ளை நடிகை ஏவா கார்ட்னருக்குப் போயிற்று. கலப்பு மணத்தைத் திரையில் காட்டக் கூடாது என்று அன்றைய தணிக்கை விதி. ஏவா, லீனாவின் தோழி. லீனாவின் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டுத்தான் பாடப் பழகினார். கடைசியில் திரையரங்கில் கேட்டது அவர் குரலும் இல்லை, பின்னணியில் வேறொருவர். லீனாவுக்காகவே தயாரித்த ‘லைட் ஈஜிப்ஷியன்’ என்ற ஒப்பனைப் பூச்சை வெள்ளை நடிகைகளுக்குப் பூசிக் கறுப்பினப் பெண்களாகக் காட்டினார்கள் என்று லீனாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர் நிறம் வேண்டும், அவர் வேண்டாம்.

இவ்வளவுக்கும் பிறகு படம் எப்படி முடிகிறது? வெள்ளையரான பிரபல பாடகர் ஃபிராங்க் சினாட்ரா ‘ஓல் மேன் ரிவர்’ பாட வருகிறார். வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைத் தூண் மாதிரி ஒரு மேடை, சுற்றி வெள்ளை உடுப்பில் வாத்தியக் குழு. பஞ்சு மூட்டை தூக்கி முதுகு ஒடிந்தவனின் பாட்டு. அத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “மாப்பிள்ளை அழைப்பா?” என்றார். எனக்கு அதற்குமேல் விமர்சனம் எழுதத் தோன்றவில்லை. சினாட்ராவின் குரலில் குற்றமே சொல்ல முடியாது, மூச்சை இழுத்து நிறுத்தி அந்தக் கடைசிக் காந்தாரத்துக்கு ஏறுகிற விதம் அபாரம். கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டிய காட்சி. படத்தின் தொடக்கத்தில் கேலப் பீட்டர்சன் என்ற கறுப்பினப் பாடகர் இதே பாட்டைப் பாடிவிட்டுப் போயிருப்பார். முடிசூட்டு விழாவுக்கு அவரைக் கூப்பிடவில்லை. ராப்சனோ, வாழ அலுப்பு, சாகப் பயம் என்கிற ஹாமர்ஸ்டைன் வரியையே மேடைகளில் மாற்றி, சாகும்வரை போராடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று பாடிக்கொண்டிருந்தார்.

இவ்வளவு திட்டிவிட்டு இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். நான் இந்தப் படத்தை இதுவரை நாலு தடவை பார்த்துவிட்டேன். கதை வரும்போது தள்ளிவிடுவேன். ஜூடி வந்தால் நிறுத்திவிடுவேன். அவர் நடிப்பது மர்லின் மில்லர் என்ற மேடை நட்சத்திரமாக. 1920இல் மர்லின் நடித்த நாடகத்தில் கதாநாயகி பாத்திரம் தேய்ப்பவள், அதனால் தட்டுக்கு ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. இன்னொரு பாட்டு ‘ஹூ?’. யார், யார் என் மனதைத் திருடியவர் என்று கேட்டபடி மஞ்சள் உடையில் சுழன்று, கோட்டுப் போட்ட ஆண்கள் ஒவ்வொருவரிடமாகப் போக வேண்டும். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு வரிசையாக ஆண்களைப் பார்த்து ‘யாரு?’ என்று கேட்பது ஜூடிக்குத் தாங்க முடியாத சிரிப்பாக இருந்ததாம். அதைப் படித்த பிறகு அந்தப் பாட்டைப் பார்த்தால் உதட்டோரம் ஏதோ அடக்கிக்கொள்கிற மாதிரியே தெரிகிறது. ஆனால் என் மனதில் நிற்பது தட்டுப் பாட்டுதான். முகத்தில் கரி, கையில் துணி. ஆட்டமில்லை, கூட்டமில்லை. மேகத்தின் வெள்ளி ஓரத்தைப் பார் என்று, தனக்கே ஆறுதல் சொல்லிக்கொள்கிற மாதிரி மெல்லப் பாடுகிறார். தட்டுகளுக்குக் கீழே இன்னொரு உயிர் கேட்டுக்கொண்டிருக்கிறது.

படத்தில் கெர்ன் சாவதில்லை. ஹாலிவுட்டில் தன் பாட்டுகளைத் தானே கேட்டுக்கொண்டு நிற்பதோடு முடிகிறது. நிஜத்தில் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோதே அவர் போய்விட்டார். 1945 நவம்பர் 5ஆம் தேதி, ‘ஷோ போட்’டின் மறுமேடையேற்றத்துக்காகவும் ஒரு புதிய நாடகத்துக்காகவும் நியூயார்க் வந்திருந்தவர், பார்க் அவென்யூவும் 57ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில் நடைபாதையில் சரிந்து விழுந்தார். மூளையில் ரத்தக்கசிவு. யாரென்று யாருக்கும் தெரியவில்லை. வெல்ஃபேர் தீவில் இருந்த பொது மருத்துவமனைக்குக் கொண்டுபோய், ஆதரவற்றவர்கள் கிடந்த வார்டில் போட்டார்கள். சட்டைப் பையில் இருந்த இசையமைப்பாளர் சங்க அடையாள அட்டைதான் ஆளைக் காட்டிக்கொடுத்தது. அந்தத் தெருவில் அன்று போனவர்களில் எத்தனை பேர் அவர் மெட்டை முணுமுணுத்திருப்பார்கள்! பிறகு வேறு மருத்துவமனைக்கு மாற்றினார்கள். நினைவு திரும்பவில்லை. நவம்பர் 11 அன்று ஹாமர்ஸ்டைன் பக்கத்தில் உட்கார்ந்து, கெர்னுக்கு ரொம்பப் பிடித்த ‘ஐ ஹாவ் டோல்ட் எவ்ரி லிட்டில் ஸ்டார்’ பாட்டைக் காதோரம் முனகினார். முகத்தில் அசைவில்லை. வயது 60.

இதைப் பிள்ளை பிறந்து மூன்று மாதம் கழித்து ஒரு ராத்திரி அத்தையிடம் சொன்னேன். தூளியை ஆட்டிக்கொண்டே கேட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

“என்ன பாட்டு அது? போடு, கேக்கலாம்.”

போனில் போட்டேன். தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார். “நல்லாத்தான் இருக்கு. தாலாட்டு மாதிரி. சத்தத்தைக் கொஞ்சம் கூட வை, இவளும் கேக்கட்டும்.”

வைத்தேன். தூளிக்குள்ளிருந்து அலறல். அத்தை கையை ஆட்டி நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். அப்புறம் ‘ஆராரோ’ என்று அவருடைய பழைய பாட்டை, சுருதி கொஞ்சம் விலகி, ஆரம்பித்தார்.